‘லக்கி காயின்’ வாங்குவதற்கு முன், அதில் வருஷம் தெரிகிறதா என்று பாருங்கள்

பிழை நாணயங்கள், அதாவது நாணயச்சாலையிலேயே தப்பாக அச்சாகி வந்த காசுகள், சேர்க்கும் பக்கம் புதிதாக வந்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். போன மாதம் கோவையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த நாணயக் கண்காட்சியில், பழைய இரண்டு ரூபாய் ஒன்றை 4,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். நாணயச்சாலையில் தப்பாக அடிபட்ட காசு என்று சொல்லி விற்றார்கள். யாரோ பட்டறையில் வைத்து நசுக்கிய காசு அது.

தொண்ணூறுகளில் புழங்கிய பதினொரு மூலை இரண்டு ரூபாய் பலருக்கும் ஞாபகம் இருக்கும். செம்பும் நிக்கலும் கலந்தது, 6 கிராம் எடை. ஒரு பக்கம் சிங்கமுகத் தூண், மறுபக்கம் இந்திய வரைபடம், அதன்மேல் கொடி, கீழே வருஷம். நான் வாங்கியதில் ஒரு பக்கம் சிங்கம் வழக்கம்போலப் புடைத்திருந்தது. வரைபடம் இருக்க வேண்டிய பக்கத்தில் அதே சிங்கம் குழிவாக, இடம் வலம் மாறி இருந்தது. வியாபாரிகள் இந்த வகையை லக்கி என்பார்கள். “லட்சத்துல ஒண்ணுதாங்க இப்படி வரும், அதான் லக்கி” என்றார் மேசைக்காரர்.

இப்படி ஒரு பிழை உண்மையிலேயே உண்டு. அச்சடித்த காசு வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வெற்று வில்லை அந்தக் காசின் மேல் வைத்து அடிபடும். மேலே இருக்கும் அச்சு புடைத்த சிங்கத்தைக் கொடுக்கும். கீழே ஒட்டியிருக்கும் காசின் சிங்கம் குழிவாகப் பதியும். இதை நான் முன்பே படித்திருந்தேன். அதனால்தான் ஆசையும் வந்தது.

கையில் இருந்த குட்டித் தராசில் வைத்துப் பார்த்தேன். 6 கிராம் சரியாகக் காட்டியது. எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறித்தான் இருந்தன. அப்புறம் அவரே லென்ஸைக் கொடுத்து, “வருஷம்கூட லேசாத் தெரியுது பாருங்க, 1998” என்றார். குழிந்த சிங்கத்துக்கு அடியில் மங்கலாக நான்கு எண்கள் இருந்தன. அதை ஒரு கூடுதல் சிறப்பு என்று நினைத்துப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். பில் கேட்டதற்கு, “கண்காட்சில பில் எல்லாம் போடறதில்லீங்க” என்றார். அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே எங்கள் தெருவில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். நாற்பது வருஷம் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர், முப்பது வருஷமாகக் காசும் சேர்ப்பவர். குழிந்த பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. நேராகப் புடைத்த சிங்கத்தைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

“தம்பி, இந்தப் பிடரி மயிரைப் பாருங்க. தட்டையாக் கெடக்குது. இந்தப் பக்கம் அச்சு நேரா அடிச்சிருந்தா இப்படி இருக்குமா? இது வைஸ்ல வெச்சு இறுக்குனதுங்க.”

வைஸ் என்றால் பட்டறையில் இரும்பை இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பான். அவர் சொன்ன பிறகுதான் எனக்குக் கண்ணில் பட்டது. சிங்கத்தின் மூக்கு, பிடரி, கால் என்று எது உயர்ந்து நிற்க வேண்டுமோ அதெல்லாம் மழுங்கி, ஒரே மட்டத்தில் பளபளவென்று இருந்தது. பழகித் தேய்ந்த காசு என்று சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் ஓரத்து எழுத்துகளின் பள்ளங்களில் புதுக் காசின் மினுமினுப்பு அப்படியே இருந்தது. பின்பக்கம் தோலோ அட்டையோ கொடுத்து, இன்னொரு இரண்டு ரூபாயின் சிங்கத்தை இதன் வரைபடத்தின் மேல் வைத்து அழுத்தியிருக்கிறார்கள்.

வருஷத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்ன பதிலுக்காகவே இந்தப் பதிவை எழுதுகிறேன். இந்த இரண்டு ரூபாயில் வருஷம் வரைபடப் பக்கத்தில்தான் இருக்கிறது. உண்மையான லக்கியில் அந்தப் பக்கம் வரைபட அச்சையே தொட்டிருக்காது, நடுவில்தான் ஒரு காசு ஒட்டியிருக்கிறதே! வரைபடமும் இருக்கக் கூடாது, வருஷமும் இருக்கக் கூடாது. வருஷம் தெரிகிறது என்றால், அது முதலில் முழுசாக, சரியாக அச்சடிக்கப்பட்டு வெளியே வந்த காசு. இரண்டு முறை அடிபட்ட காசாக இருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அப்படி அபூர்வமாக வரும்தான். ஆனால் அப்போது சிங்கப் பக்கமும் மறுபடி அச்சில் அடிபட்டிருக்கும், மழுங்கியிருக்காது.

எடை? நசுக்கினால் உலோகம் எங்கே போகிறது, அதே 6 கிராம்தான். இடம் வலம் மாறியது? எதன்மேல் எதை அழுத்தினாலும் அப்படித்தான் பதியும். நான் சரிபார்த்த இரண்டுமே போலியிலும் சரியாக இருக்கக்கூடியவை.

நம்பாமல் இருந்துவிடக் கூடாது என்று, 2011இலேயே செல்லாமல் போன அலுமினியப் பத்துப் பைசா இரண்டை எடுத்து வந்து, தன் வீட்டுப் பின்பக்கத்து வைஸில் வைத்து இறுக்கிக் காட்டினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒன்றில் குழிந்த சிங்கம் வந்துவிட்டது, அதன் அடியில் பழைய ‘10’ மங்கலாகத் தெரிந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

மறுநாள் அதே மேசைக்குப் போனேன். “பார்த்துத்தானே வாங்குனீங்க? வித்தது வித்ததுதான்” என்று முடித்துவிட்டார். கண்காட்சி நடத்தியவர்கள் வாங்குபவரும் விற்பவரும் பேசிக்கொள்ள வேண்டியது என்று ஒதுங்கினார்கள். அந்த நேரத்தில் ஒரு கல்லூரிப் பையன் அவரிடம் பத்து ரூபாய்க் காசு ஒன்றைப் பேரம் பேசிக்கொண்டிருந்தான். நடு வில்லை திரும்பியிருந்த காசு. வளையத்தில் ஒரு முகம், நடுவில் மறு முகம். விலை 800 ரூபாய். அவனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்: மஞ்சள் வளையமும் வெள்ளை வில்லையும் வெறுமையாக ஒன்று சேர்க்கப்பட்டு, ஒரே அடியில்தான் அச்சாகின்றன. அச்சாவதற்கு முன் அந்த வில்லைக்கு முகமே கிடையாது. முகமே இல்லாத ஒன்று நாணயச்சாலையில் எப்படித் திரும்பும்? வெளியே வந்த பிறகு யாரோ வில்லையைத் தட்டி எடுத்துத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். பையன் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அந்த ஒன்றில்தான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஓரம் வெட்டுப்பட்ட காசுக்கும் இதே மாதிரி ஒரு கேள்வி இருக்கிறது. தகட்டிலிருந்து வில்லை வெட்டும்போதே துண்டு போயிருந்தால், வெட்டுக்கு நேர் எதிரில் விளிம்பு பெரும்பாலும் மங்கிப் போயிருக்கும். அரத்தால் ராவியதில் எதிர் விளிம்பு கச்சிதமாக நிற்கும். இன்னொன்று, ‘மின்ட் குறி இல்லாத அபூர்வக் காசு’ என்று வாட்ஸ்அப்பில் ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். மின்ட் குறி என்பது எந்த ஊர் நாணயச்சாலையில் அடித்த காசு என்று காட்டும் சின்ன அடையாளம். வருஷத்துக்குக் கீழே மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி என்றால், கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. அது பிழையே இல்லை, சாதாரணக் கொல்கத்தா காசு.

இதுபோல் இரண்டு ரூபாய் லக்கி வாங்கியவர்கள் வீட்டில் இருந்தால் இப்போதே எடுத்து, குழிந்த சிங்கத்தின் அடியில் வருஷமோ வரைபடத்தின் கோடோ தெரிகிறதா என்று பாருங்கள். புடைத்த பக்கத்தின் பிடரியையும் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் இரண்டு பக்கத்தையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள், அந்தப் பெரியவரிடமே காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.

என் காசை இரண்டு பேர் பாதி விலைக்குக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. காசைப் போட்டு வைக்கும் ஹோல்டரின் மேல் ‘வைஸில் நசுக்கியது, விற்பனைக்கு அல்ல’ என்று அழியாத மையில் எழுதி வைத்திருக்கிறேன்.