ஜேன்: கட்டுரையை எந்த ஆய்விதழுக்கு அனுப்பலாம் என்று சொல்லும் இலவசக் கருவி

சுகாதாரப் பொருளாதாரத்தில் கட்டுரை எழுதுவதைவிட, அதை எங்கே அனுப்புவது என்பதுதான் பெரிய தலைவலி. ஒரு இதழ் என் கட்டுரையை ஐந்து மாதம் வைத்திருந்துவிட்டு "எங்கள் வாசகர்களுக்குப் பொருந்தாது" என்று ஒரே வரியில் திருப்பியனுப்பிய பிறகுதான் ஜேன் (Jane) என்ற இணையதளம் பக்கம் போனேன். பதிவும் வேண்டாம், காசும் வேண்டாம். கட்டுரைச் சுருக்கத்தை ஒட்டி பொத்தானை அழுத்தினால் இதழ்களின் பட்டியல் வந்துவிடும். வெளிவராத ஆய்வை இணையத்தில் கொட்டப் பயமா? சொற்களைக் கலைத்துப்போட்டு அனுப்பவும் ஒரு பொத்தான் இருக்கிறது, அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஆனால் ஒன்று, இது பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தை வைத்துத்தான் தேடுகிறது, அதனால் மருத்துவ இதழ்களே முன்னால் வரும், சுத்தமான பொருளாதார இதழ்கள் பல கண்ணிலேயே படாது. வந்த பெயர்களுக்குக் கீழே காட்டும் ஒத்த கட்டுரைகளைத் திறந்து பாருங்கள், அங்கேதான் விஷயம். ஒரு சிகிச்சையின் செலவையும் பயனையும் ஒப்பிடும் கணக்கீட்டு மாதிரி என்றால் வேல்யூ இன் ஹெல்த், ஃபார்மகோஎகனாமிக்ஸ் இதழ்கள். காப்பீடு வந்ததும் மக்களின் நடத்தை ஏன் மாறியது என்பது போன்ற காரணகாரியக் கேள்வி என்றால் ஜர்னல் ஆஃப் ஹெல்த் எகனாமிக்ஸ். ஏழை, நடுத்தர வருமான நாடுகளின் கொள்கை என்றால் ஹெல்த் பாலிசி அண்ட் பிளானிங். இந்த வித்தியாசம் ஜேனுக்குத் தெரியாது, அது சொற்களைத்தான் ஒப்பிடுகிறது.

வெளியீட்டுக் கட்டணத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன்.