டாம்ப்யூரிஃபை: சல்லடை நல்லது, கண் கொஞ்சம் பெரிது

பயனர் எழுதியதை வெறும் எழுத்தாகக் காட்டினால் போதுமென்றால் எஸ்கேப் செய்தாலே (டேக் குறிகளை வெறும் எழுத்தாக மாற்றினாலே) வேலை முடிந்தது. எச்டிஎம்எல்-இல் ஒளிந்திருக்கும் ஆபத்தான பகுதிகளை நீக்கும் டாம்ப்யூரிஃபை என்னும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் தேவையே இல்லை. தடித்த எழுத்து, இணைப்பு, படம் எல்லாம் அப்படியே தெரிய வேண்டும் என்னும்போதுதான் அது வேண்டியிருக்கிறது. பெர்லினைச் சேர்ந்த க்யூர்53 என்னும் பாதுகாப்பு நிறுவனம் 2014 முதல் இதைப் பராமரித்து வருகிறது.

ரெகுலர் எக்ஸ்பிரஷனால் (எழுத்துக் கோவையைத் தேடும் முறையால்) ஸ்கிரிப்ட் டேக்கைத் துரத்தும் வேலை இதில் இல்லை. எச்டிஎம்எல்-ஐப் படித்துப் பிரிக்கும் உலாவியின் பார்சரிடமே கொடுத்து, வரும் டாம் மரத்தை (பக்க உறுப்புகளின் மர அமைப்பை) அனுமதிப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. இமேஜ் டேக்கில் ஆன்எரர் (படம் வராவிட்டால் ஓடும் ஸ்கிரிப்ட்) செருகி அனுப்பினால் படம் மட்டும் மிஞ்சும், ஆன்எரர் போய்விடும். ஜாவாஸ்கிரிப்ட் என்று தொடங்கும் இணைப்பு முகவரிக்கும் அதே கதிதான்.

குறை இயல்புநிலைப் பட்டியலில்தான். ஃபார்ம், இன்புட், பட்டன், ஸ்டைல் எல்லாமே அதில் அனுமதி பெற்றவை. கருத்துப் பெட்டிக்குள் ஒருவர் போலி லாகின் படிவம் வைத்து, ஆக்‌ஷனில் படிவம் போய்ச்சேரும் இடமாகத் தன் தளத்து முகவரியைக் கொடுத்தால் அது அப்படியே கடந்து போகும். ஸ்கிரிப்ட் ஓடவில்லை, ஆனால் கடவுச்சொல் போய்விடும். அதனால் தேவையான ஏழெட்டு டேக்குகளையும், அவற்றுக்கான பண்புகளையும் நீங்களே பட்டியலிட்டுக் கொடுங்கள்.

பழைய பதிப்பில் தேங்கி நிற்பது அடுத்த ஆபத்து. 2020இல் வெளியான ஓட்டை இதற்கு நல்ல பாடம். ஃபார்முக்குள் ஃபார்ம், நடுவே மேத்எம்எல் (கணிதக் குறியீட்டு மொழி) என்று பின்னி அனுப்பினால், சுத்தம் செய்தபோது இருந்த மரம் ஒன்று, அதைச் சரமாக்கி (வெறும் எழுத்து வரிசையாக்கி) பக்கத்தில் செருகும் இன்னர்எச்டிஎம்எல்-இல் போட்டதும் முளைக்கும் மரம் வேறு. உள் ஃபார்ம் காணாமல் போக, ஸ்டைலுக்குள் வெறும் எழுத்தாகக் கிடந்தது டேக்காக உயிர்பெற்றுவிடும். 2.0.17 பதிப்பில் இதை அடைத்தார்கள். சரத்துக்குப் பதில் டாம் ஃப்ராக்மென்ட்டாகவே (மரத்தின் துண்டாகவே) வாங்கிச் சேர்த்தால் இந்த மறு பார்சிங் தவிர்க்கப்படும்.

உலாவி இல்லாத நோடு சர்வரில் ஓட்ட, டாமை உருவாக்கித் தரும் ஜேஎஸ்டாம் நூலகம் வேண்டும்; அதன் பழைய பதிப்புகளில் ஓட்டைகள் உண்டு, இரண்டையும் சேர்த்தே புதுப்பியுங்கள். எளிய குறிகளால் வடிவமைக்கும் மார்க்டவுன் பயன்படுத்துகிறவர்கள் முதலில் எச்டிஎம்எல் ஆக்கி, பிறகு சுத்தம் செய்ய வேண்டும். அதன்பின் ஈமோஜி மாற்றுகிறேன், இணைப்பு சேர்க்கிறேன் என்று சரத்தில் கை வைத்தால், செய்த சுத்தத்துக்கு உத்தரவாதம் கிடையாது.