பழைய கொம்பியூட்டரில் ஆர்க்கேட்: கொழும்புத்துறை வீட்டுக் கபினெற்றின் அனுபவம்

வீட்டில் ஆர்க்கேட் கபினெற் (கடைகளில் காசு போட்டு, நின்று விளையாடும் வீடியோ விளையாட்டுப் பெட்டி) செய்யப் போகிறேன், எந்தக் கொம்பியூட்டர் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: கொம்பியூட்டரைக் கடைசியில் யோசியுங்கள். முதலில் ஜோய்ஸ்ரிக்கும் பட்டனும். அடுத்தது கரண்ட். பிறகு உப்புக்காற்றும் தூசியும். இந்த மூன்றையும் சரிக்கட்டிவிட்டால், ஏதாவது ஒரு கந்தோர் கழித்துவிட்ட பெட்டியே போதும்.

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் எங்கள் வீட்டு விறாந்தையில் நிற்கும் கபினெற்றை 2022 மின்வெட்டுக்கு முன்பிருந்தே பாவித்து வருகிறோம். உள்ளே இருப்பது கோர் 2 டுவோ இ8400, 2008இல் வந்த சிப். 4 ஜிபி ராம், சின்ன எஸ்எஸ்டி ஒன்று. விண்டோஸுக்குப் பதில் டெபியன் லினக்ஸ். ஆளியைப் போட்டால் டெஸ்க்ரொப் எதுவும் வராமல் நேரே மேம் எமுலேட்டர் திறக்கும்; பழைய ஆர்க்கேட் இயந்திரங்களைப் போலக் கொம்பியூட்டரை நடிக்கவைக்கும் மென்பொருள் அது.

அவ்வளவு பழைய சிப் தாங்குமா என்ற கேள்வி நியாயமானது. 1980இல் வந்த பக்-மான் இயந்திரத்துக்குள் ஓடியது 3.072 மெகாஹேர்ட்ஸ் இசட்80 சிப். இ8400 அதைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வேகம். ஆனாலும் கணக்கு அவ்வளவு நேரானதல்ல. 1997 பெப்ரவரியில் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா வெளியிட்ட மேமின் நோக்கம் பழைய இயந்திரங்களை உள்ளபடி ஆவணப்படுத்துவது. வேகம் அதற்கு இரண்டாம்பட்சம். வருடத்துக்கு வருடம் துல்லியம் கூடக்கூட, கொம்பியூட்டர் சுமக்கும் பாரமும் கூடுகிறது. சிப்புக்குள் நான்கு கோர், எட்டுக் கோர் (தனித்தனியே கணக்குப் போடும் பகுதி) என்பதால் பெரிய லாபம் இல்லை. ஒரு கோரின் வேகம்தான் அதிகம் உதவும். எங்கள் பெட்டியில் 1991இன் ஸ்ட்ரீட் பைட்டர் 2, நியோ ஜியோ இயந்திரத்தின் மெட்டல் ஸ்லக், கப்கொம் நிறுவனத்தின் சிபிஎஸ்-2 பலகை விளையாட்டுகள் எல்லாம் முழு வேகத்தில் ஓடுகின்றன. 1999இன் கிரேஸி டாக்ஸி போன்ற முப்பரிமாண விளையாட்டுகள் ஊர்ந்துதான் போகும். அவற்றை ஆசைப்படுகிறவர் இந்தக் காலத்துப் பெட்டி வாங்குவதே சரி.

இன்னும் பழைய பென்டியம் 4 சிப் வைத்திருப்பவர்கள் மேமின் பழைய பதிப்பைப் போடலாம், அல்லது ஃபைனல்பர்ன் நியோ என்ற வேறு எமுலேட்டரைப் பாவிக்கலாம்; அது பாரம் குறைந்தது. ரோம் கோப்புகள் (விளையாட்டின் நகல்கள்) எமுலேட்டரின் பதிப்புக்குப் பொருந்த வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஆனால் பென்டியம் 4ஐ நான் சிபாரிசு செய்யமாட்டேன். சூடு அதிகம். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு அந்த வகைச் சிப்பை மணிக்கணக்காக ஓடவிட மனம் வராது.

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "சித்தப்பா, நான் மேல தள்ளுறன், அது நேர போகுது" என்று அண்ணாவின் மகன் ஒருநாள் பக்-மானை நிறுத்திவிட்டு வந்து நின்றான். பிழை அவனிலும் இல்லை, கொம்பியூட்டரிலும் இல்லை. பக்-மான் நான்கு திசை ஜோய்ஸ்ரிக்குக்கு எழுதப்பட்டது. எட்டுத் திசை ஜோய்ஸ்ரிக்கில் மூலைக்குச் சாய்ந்துவிட்டால் இரண்டு சுவிட்ச் ஒன்றாக அமுங்கும். எந்தத் திசை என்று விளையாட்டுக்கு விளங்காது, திருப்பம் தவறிவிடும். நல்ல ஜோய்ஸ்ரிக்கின் அடியில் சதுரத் துளையுள்ள தகடு ஒன்று இருக்கும். அதைக் கழற்றி, 45 பாகை திருப்பிப் பூட்டினால் நான்கு திசையாகிவிடும். சண்டை விளையாட்டுக்குத் திரும்பவும் எட்டு வேண்டும். அதனால் எங்கள் கபினெற்றில் முதலாம் ஆளின் கைபிடியை நான்கிலும், இரண்டாம் ஆளின் கைபிடியை எட்டிலும் நிரந்தரமாக விட்டுவிட்டு, சண்டைக்கென்று வெளியே தனிக் கைபிடிப் பெட்டி ஒன்று செய்து வைத்திருக்கிறோம்.

பட்டன்களைக் கொம்பியூட்டருடன் இணைக்கும் சின்னப் பலகையிலும் கவனம் தேவை. மலிவான யூஎஸ்பி பலகைகள் கேம்பேட் போலத் தெரியும். ஒரே மாதிரி இரண்டைப் போட்டால், சில நாளில் ஆள் ஒன்றும் ஆள் இரண்டும் இடம் மாறிவிடும். மேமில் இதைத் தீர்க்க வழி உண்டு, ஆனால் அமைப்புக் கோப்பை இருந்து எழுத வேண்டும். விசைப்பலகை போலத் தெரியும் பலகைக்கு இந்தத் தொல்லையே இல்லை: இடது கன்ட்ரோல், ஓல்ட், ஸ்பேஸ், ஷிப்ட் என்று மேமின் வழமையான விசைகளை அதுவே அனுப்பும், 5ஐ அழுத்தினால் காசு விழும், 1ஐ அழுத்தினால் ஆட்டம் தொடங்கும். விண்டோஸில் ஓட்டுகிறவர்கள், ஷிப்டைத் தொடர்ந்து ஐந்து தரம் தட்டினால் எழும்பும் ஸ்ரிக்கி கீஸ் வசதியை முதலிலேயே நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் ஷிப்டை அனுப்பும் நாலாம் பட்டனை ஐந்து தரம் தட்டியதும் சண்டையின் நடுவில் திரையில் ஒரு கேள்விப் பெட்டி திறந்து நிற்கும்.

மொனிற்றர் 17 அங்குலம், 1280 x 1024. ஒருகாலத்தில் எல்லாக் கந்தோரிலும் இருந்தவகை. பக்கவாட்டில் திருப்பிக் குத்தாக நிமிர்த்தி வைத்தால் பக்-மானின் 224 x 288 படம் நான்கு மடங்காகி, 896 x 1152 ஆக, புள்ளி ஒன்றும் கலங்காமல் உட்காரும். ஆனால் இந்த மலிவுத் திரைகளை மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் நிறம் மாறும். நிமிர்த்தியதும் அந்தக் குறை பக்கவாட்டுக்கு வந்துவிடுகிறது. அருகில் நின்று பார்ப்பவருக்கு நிறம் வெளிறித் தெரியும். நிமிர்த்தப் போகிறவர், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவு மாறாத ஐபிஎஸ் வகைத் திரை தேடுவது நல்லது. இன்னொன்று, பக்-மான் நொடிக்கு 60.6 தரம் திரையைப் புதுப்பிப்பது. 60 ஹேர்ட்ஸ் மொனிற்றரில் பெரிய வித்தியாசம் தெரியாது. மோட்டல் கொம்பாட் என்ற சண்டை விளையாட்டு 54.7 தரம். அதில் பின்னணி நகரும்போது தடக்குத் தடக்கென்று ஒரு விக்கல் இருந்துகொண்டே இருக்கும்.

கரண்ட் விஷயத்தில் 2022 நல்ல பரீட்சை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை வெட்டு. எந்த நேரத்தில் போகும், வரும் என்றில்லை. அந்தக் காலத்திலேயே சிஸ்டம் பகுதியை எழுத முடியாதபடி, வாசிக்க மட்டும் என்று மாற்றிவிட்டோம். நடுவில் கரண்ட் போனாலும் லினக்ஸுக்குச் சேதம் இல்லை. புள்ளிகளைச் சேமிக்கச் சின்னப் பகுதி ஒன்று மட்டும் திறந்திருக்கிறது. பக்-மான் போன்ற பழைய ஆர்க்கேட் பலகைகளுக்கு, ஆளியை நிறுத்தியதும் உச்சப் புள்ளி அழிந்துவிடும் இயல்பு. மேமில் அதற்கென்று உள்ள ஹைஸ்கோர் இணைப்பைத் திறந்தால்தான் நிற்கும். பிள்ளைகள் உள்ள வீட்டில் இது சின்ன விஷயமல்ல. கொம்பியூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையான பயோஸில் 'கரண்ட் வந்ததும் தானாக எழும்பு' என்ற அமைப்பையும் போட்டுவிட்டால், கபினெற்றுக்கு ஓர் ஆளி போதும்.

மரவேலையில் ஒரு சொல்: மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை வேண்டாம். மாரியில் நிலத்து ஈரத்தை உறிஞ்சி அடிப்பக்கம் ஊதிவிடும். பிளைவூட் போட்டு, நான்கு ரப்பர் காலில் உயர்த்தி வையுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் தூசி வேறு. காற்று உள்ளே வரும் துளைகளில் நுளம்பு நெற்றை இரண்டாக மடித்து அடித்திருக்கிறோம். பின்பக்கம் மேலே ஒரு விசிறி சூட்டை வெளியே தள்ளும். நெற் அடிக்க முன்பு பவர் சப்ளைக்குள் பல்லி ஒன்று புகுந்து கருகி, சப்ளையும் போய்விட்டது. அன்று பின்னேரமே யாழ்ப்பாண ரவுணில் பழையதொன்று வாங்கிப் பூட்டினோம். ராஸ்பெரி பை போன்ற சின்னப் பலகைக் கொம்பியூட்டர்களைவிட இந்தப் பழைய பெட்டியை நான் விரும்புவதற்குக் காரணம் இதுதான்: எந்தப் பாகம் போனாலும் ஊரிலேயே கிடைக்கும். கடல் பக்கம் என்பதால் சுவிட்ச் முனைகளில் பச்சை பிடிப்பதும் உண்டு. மாரி முடிந்ததும் முனைகளைக் கழற்றித் துடைத்து மாட்டினால் அடுத்த மாரி வரை பிரச்சினை இல்லை.

ஸ்ட்ரீட் பைட்டர் 2 வெளிநாட்டுக் கடைகளில் கூட்டம் சேர்த்த 1991இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். அந்த விளையாட்டுகளை எங்கள் வயதில் ஸ்காபரோவிலும் லண்டனிலும் வளர்ந்த சொந்தக்காரர் சொல்லித்தான் அறிந்தோம். இப்போது அவர்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தால், விறாந்தையில் நின்று நாங்களும் அவர்களும் சேர்ந்து விளையாடுகிறோம். அதற்காகவே இந்தப் பெட்டியை நான் இவ்வளவு கவனமாகப் பார்க்கிறேன்.

அடுத்த வேலை ஒரு பழைய குழாய் ரிவி. ஆர்க்கேட் திரைகள் பெரும்பாலும் நொடிக்கு ஏறக்குறைய 15 ஆயிரம் கோடுகள் வரையும் 15 கிலோஹேர்ட்ஸில் ஓடியவை, பழைய ரிவியும் அப்படித்தான். குறிப்பிட்ட பழைய ரேடியோன் கிராபிக்ஸ் கார்ட் ஒன்றும் அதற்குரிய டிரைவரும், குழாய்த் திரைக்கென்று மாற்றிய மேமான குரூவிமேமும் இருந்தால், ஒவ்வொரு விளையாட்டையும் அதனதன் வேகத்திலேயே காட்டலாம் என்கிறார்கள். கார்ட் கையில் இருக்கிறது. நிறங்களைத் தனித்தனியே வாங்கும் ஆர்ஜிபி அல்லது கொம்போனன்ட் வாசல் உள்ள ரிவிதான் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் முதலில் ஓட்டப்போவது மோட்டல் கொம்பாட், 54.7இல்.