லீவுக்கு அபாகஸா, குடும்பத்தோட கணக்கு கேம்ப்பா?

வேலூர்ல சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் மே மாசம் வந்தா நெறைய பேர் கேக்குற கேள்வி இது. மணிச்சட்டத்த வச்சு கணக்கு போடுற அபாகஸ் மோசம்னு சொல்லவே மாட்டேன், கூட்டல் பெருக்கல்ல வேகம் வரும், கவனம் நிக்கும், நம்மூர் அக்னி வெயில்ல சீக்கிரமா வீட்டுக்கும் கூட்டிட்டு வந்துடலாம். ஆனா அங்க வழி ஏற்கனவே போட்டு வச்சிருக்கு, புள்ள வேகமா ஓடணும், அவ்ளோதான்.

கேம்ப்ல கேள்வியே வேற. பத்து பேர் ஒருத்தருக்கொருத்தர் ஒரு தடவ கை குடுத்தா மொத்தம் எத்தன? 45னு சொல்றத விட அது எப்படி வந்துச்சுன்னு பேசுறதுலயே காலைப்பொழுது ஓடிடும். கோனிக்ஸ்பெர்க் ஊர்ல 7 பாலத்தையும் ஒவ்வொன்னையும் ஒரே ஒரு தடவ மட்டும் கடந்து சுத்தி வர முடியாதுன்னு 18ம் நூற்றாண்டுல ஆய்லர்ங்கிற கணக்கு மேதை காட்டினாரே, அதே யோசனைதான் கோட்டுப் படத்துக்கும்: ஒத்தப்படையா கோடு சேர்ற புள்ளி ரெண்டுக்கு மேல இருந்தா கை எடுக்காம, போன கோட்டுலயே திரும்பப் போகாம வரையவே முடியாது. சிக்கு கோலம் போடுற ஆயாவும் பக்கத்துல உக்காந்து வரைஞ்சு பாத்தா புள்ளைக்கு எவ்ளோ சந்தோஷம்! அபாகஸ்ல நாம வாசல்லயே நிக்கணும்.

கூட்டல் கழித்தலுக்கே பயப்படுற புள்ளைன்னா மொதல்ல அபாகஸ் போடுங்க. ஏன் ஏன்னு கேட்டுட்டே இருக்குற புள்ளைக்கு கேம்ப்தான், அதுவும் வீட்டாளுங்களையும் உக்கார விடுவாங்களான்னு கேட்டுட்டு சேருங்க.