ரியாப்கோவின் குத்தும் ஃபெதோரின் குத்தும்

ரஷ்யச் சண்டைக் கலைகளில் குத்தக் கற்க வேண்டும் என்றால் இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள். ஒருவர், மூச்சையும் தளர்வையும் அடிப்படையாகக் கொண்ட தற்காப்புக் கலையான சிஸ்டெமாவின் ஆசான் மிகைல் ரியாப்கோ. இன்னொருவர், குத்து, எறிதல், பிடி எல்லாம் கலந்த போட்டிக் கலையான காம்பாட் சாம்போவின் வீரர் ஃபெதோர் யெமெலியானென்கோ.

ரியாப்கோ 1961-இல் பிறந்தவர், ராணுவப் பின்னணி உள்ளவர். ஐந்து வயதிலேயே சோவியத் தலைவர் ஸ்டாலினின் மெய்க்காவலர் ஒருவரிடம் பயிற்சி தொடங்கினார் என்று அவர் வழி வந்தவர்கள் சொல்கிறார்கள். அவர் மாணவர் விளாதிமிர் வாசிலியெவ் 1993-இல் டொரான்டோவில் பள்ளி தொடங்கியபோதுதான் சிஸ்டெமா மேற்கு நாடுகளுக்குப் போனது.

சிஸ்டெமாக்காரர்கள் குத்துவதற்குக் கையைப் பின்னுக்கு இழுப்பதில்லை. கை எங்கே தொங்குகிறதோ அங்கிருந்தே கிளம்பும். தோள் தளர்ந்திருக்கும், மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும், முஷ்டி மட்டும் கனமாக வந்து இறங்கும். இழுப்பு இல்லாததால் அடி வருவதை எதிராளி முன்கூட்டிப் படிப்பது கடினம். இதற்காக முஷ்டியை ஊன்றி மிக மெதுவாகத் தண்டால் எடுப்பார்கள். அப்புறம் கூட்டாளியின் உடம்பில் முஷ்டியை வைத்து அழுத்திப் பழகுவார்கள். கடைசியில் அடி வாங்கும் பாடம். பயந்தால் உடம்பு இறுகும், மூச்சு நிற்கும், வலி ஏறும். அதனால் அடி விழும்போது மூச்சை வெளியே விடச் சொல்லித் தருகிறார்கள். சிஸ்டெமாவில் நான் மனதார மதிப்பது இந்தப் பாடத்தைத்தான். வேறு பல பள்ளிகளில் அடிக்கக் கற்றுத் தருகிற அளவுக்கு வாங்கக் கற்றுத் தருவதில்லை.

சிஸ்டெமா என்ற பெயரிலேயே இன்னொரு கிளையும் உண்டு. கிராஸ்னோதரில் அலெக்சி கதோச்னிகோவ் வளர்த்தது அது. நெம்புகோல், சமநிலை என்று இயந்திரவியல் கணக்கில் போகும். குத்தைவிட எதிராளியின் நிலையைக் குலைப்பதில்தான் அதற்கு அக்கறை.

ஃபெதோரின் குத்து அகலமாகச் சுழன்று மேலிருந்து வரும். தோள் உயர்ந்து தாடையை மறைக்கும், முழங்கை வெளிப்பக்கமாகத் திரும்பும். பட்டால் சரி, படாவிட்டாலும் அந்தக் கை எதிராளியின் கழுத்தில் விழுந்து பிடியாகிவிடும். பிடி கிடைத்தால் அடுத்தது எறிதல். குத்தும் எறிதலும் ஒரே அசைவாகிவிடுவது சாம்போவுக்கே உரிய அழகு. 2009 ஜனவரியில் ஒரு கலப்புச் சண்டைப் போட்டியில் எதிராளி ஆந்த்ரேய் அர்லோவ்ஸ்கி முழங்காலைத் தூக்கிப் பாய்ந்தபோது, ஃபெதோரின் வலக்கைக் குத்து ஒன்றே அவரை அந்தரத்திலிருந்து தரையில் சாய்த்தது.

என் தேர்வு ஃபெதோரின் வழிதான். காம்பாட் சாம்போவில் எதிரே நிற்பவர் உண்மையிலேயே தடுப்பார், திருப்பி அடிப்பார். சிஸ்டெமா வகுப்பில் பெரும்பாலும் மெதுவாக, ஒத்துழைக்கும் கூட்டாளியோடுதான் பழகுகிறார்கள். தொடாமலேயே ஆளைச் சாய்ப்பதாகக் காட்டும் வீடியோக்களை என்னால் ஏற்கவே முடியவில்லை. ரியாப்கோவின் குத்தில் நல்ல இயக்கவியல் இருக்கிறது. ஆனால் எதிர்த்து அடிப்பவர்மேல் அதைச் சோதிக்கும் போட்டிக் களம் சிஸ்டெமாவில் இல்லை. ஃபெதோரும் 2010-இல் பிரேசில் வீரர் வெர்டூமிடம் 69 விநாடிகளில் தோற்றார்; அந்தத் தோல்வியையும் எல்லோரும் பார்க்க முடிந்தது.

வயது ஐம்பதைத் தாண்டியவர், மூட்டுவலி உள்ளவர், போட்டியில் ஆசை இல்லாதவர் என்றால் மட்டும் சிஸ்டெமா பக்கம் போகச் சொல்வேன். அந்த மூச்சுப் பயிற்சியும் தளர்வும் அவர்களுக்கு நிச்சயம் உதவும். இளைஞர்கள் முதலில் சாம்போ மெத்தையில் ஏறட்டும்.