28 அடி என்று சொல்லி 22 அடிப் படகைக் கட்டிவிட்டார்கள்: 2,30,000 ரூபாய் போச்சு

கோபத்தில்தான் எழுதுகிறேன். நேற்று சாயங்காலம், எனக்குப் படகு கட்டிக்கொடுத்த பட்டறைக்காரர் ஒருவழியாகப் போனை எடுத்து, "நீங்க கோர்ட்டுக்கே போய்க்கோங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டார். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. படகு வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்கு உதவுமே என்று எழுத உட்கார்ந்தேன்.

நான் சேலத்தில், அம்மாப்பேட்டையில் மீன் கடை வைத்திருக்கிறேன். மேட்டூர் அணை கட்லாவும் ஜிலேபியும் வரும், கடல் மீனும் வரும். வாரக் கடைசியில் ஏற்காட்டு லாட்ஜுகளுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வஞ்சிரமும் சங்கராவும் கொடுப்போம். கடல் மீன் எல்லாம் உளுந்தூர்பேட்டை வழியாகக் கடலூரில் இருந்து வருவது. மனைவியின் தம்பி அங்கேதான் கடலுக்குப் போகிறான். பழைய ஃபைபர் படகு, அவன் ஒருத்தனுக்கே பற்றாது. நாமே ஒரு படகு போட்டால் தரகு மிச்சம், மீனும் நேராகக் கடைக்கு வந்துவிடும் என்று இரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், சின்ன ஃபைபர் படகு போட்டிருப்பவனுக்கு அப்போதுதான் நல்ல விலை. அதற்குள் படகு கைக்கு வரவேண்டும் என்ற அவசரம் எங்களுக்கு. அந்த அவசரம் அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

பழைய பொருள், புதுப் பொருள் எல்லாம் விற்கிற ஒரு இணையதளத்தில்தான் விளம்பரம் பார்த்தேன். கடலோர ஊர் ஒன்றில் ஃபைபர் படகு கட்டித்தரும் பட்டறை. இரட்டை உடல் படகு, அதாவது ரெண்டு ஒல்லி உடலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேல்தளத்தால் சேர்த்தது, ரெண்டு இன்ஜின் போடலாம், ஆழம் குறைந்த முகத்துவாரத்திலும் தட்டாது, வலை இழுக்கும்போது ஒரு பக்கமாகச் சாயாது. இதெல்லாம் உண்மைதான், இரட்டை உடலின் குணமே அது. இரண்டு அளவு போட்டிருந்தார்கள்: 22 அடி 4,90,000 ரூபாய், 28 அடி 7,20,000 ரூபாய். இன்ஜின் தனி.

நானும் மச்சானும் நேரில் போனோம். அவனுக்கு 22 போதும் என்றுதான் எண்ணம். பட்டறைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். சேலம் என்றதும், "எங்க அம்மா ஊரு ஓமலூருங்க" என்றார். அப்புறம் பேச்சே மாறிவிட்டது. கட்டுமரம் என்ற நம் வார்த்தையைத்தான் வெள்ளைக்காரன் இரட்டை உடல் படகுக்குக் கேட்டமரன் என்று பெயர் ஆக்கினான், நம்ம பொருள் நம்மகிட்டயே திரும்பி வருது என்றார். வார்த்தை நம்முடையதுதான். ஆனால் நம் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டியது, இந்த இரட்டை உடல் படகு வேறு சாமான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டுத் தலையாட்டிக்கொண்டு இருந்தேன்.

எடை விஷயத்தை அவரே எடுத்தார். இரட்டை உடல் படகில் ஒவ்வொரு உடலும் ஒல்லி. பாரம் ஏற ஏற, அகலமான ஒற்றைப் படகைவிட அதிகமாகத் தண்ணீரில் இறங்கும். நாலு ஆள், வலை, ஐஸ் பெட்டி, ரெண்டு இன்ஜின் என்றால் 22 தாங்காது, 28 எடுங்கள் என்றார். அது சரியான பேச்சு. அதனால்தான் நம்பினேன். பொய் சொல்லியிருந்தால் மச்சான் அங்கேயே பிடித்திருப்பான்.

அடுத்து ஷெட்டுக்குள் கூட்டிப்போனார். முன்னால் கம்பி மேடை, பின்னால் இன்ஜின் மேடை எல்லாம் மாட்டி, பாதிக்குத் தார்பாய் போர்த்தி நின்றது படகு. ஒரு பக்கம் சுவர், நடக்க ஒரு ஆள் இடம்தான். "பாருங்க" என்று முன் கம்பியில் இருந்து பின் மேடை வரை செருப்பு சத்தம் கேட்க எட்டு வைத்து எண்ணிக்கொண்டே நடந்தார். ஒன்பது எட்டு, மேலே கொஞ்சம். "எட்டுக்கு மூணு அடி, கணக்கு சரியா இருக்கா?" என்றார். சரி என்றேன். என் வாயால்தான் சொன்னேன். டேப் கேட்கத் தோன்றவே இல்லை. மனைவியின் சங்கிலியும் வளையலும் அடகுக்குப் போயின, எடுத்த சீட்டுப் பணமும் சேர்ந்தது. முன்பணம் 3,00,000, மீதி படகு எடுக்கும்போது. 22க்கு மேல் நான் கூடுதலாகக் கொடுத்தது 2,30,000 ரூபாய்.

ஏப்ரல் 10 என்றவர்கள் 28ஆம் தேதிதான் கொடுத்தார்கள். தடைக்காலத்தில் பாதி மாதம் போச்சு. பொறுத்துக்கொண்டோம்.

முதல் வெள்ளோட்டத்திலேயே தெரிந்துவிட்டது. மூன்று ஆள், ரெண்டு ஐஸ் பெட்டி, பாதி வலை, அவ்வளவுதான் ஏற்றினோம். ரெண்டு உடலுக்கும் நடுவில் இருக்கிற மேல்தளத்தின் அடிப்பகுதிக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. சின்ன அலைக்கே அடியில் டமார் டமார் என்று அறைகிறது. பின்னால் மேடை துருத்திக்கொண்டு, அதன் நுனியில் இன்ஜின் தொங்குவதால் பின்பக்கம் உட்கார்ந்து, அணியம் (முன்பக்கம்) தூக்கிக்கொண்டு போகிறது. மச்சான் ஒன்றும் பேசவில்லை. கரைக்கு வந்ததும் ஒரு கயிற்றை எடுத்து அணியத்தின் மூக்கில் இருந்து பின்பலகை வரை பிடித்தான். அப்புறம் மணலில் நின்று ரெண்டு கையையும் விரித்துப் பாகம் போட்டான்; விரித்த கை நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறு அடி. ஒன்று, ரெண்டு, மூணு. நாலாவது பாகத்துக்குக் கயிறு அவன் நெஞ்சைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தோடு நின்றுவிட்டது. "மாமா, நாலு பாகம்கூட தேறலியே" என்றான். 28 அடி என்றால் நாலரைப் பாகத்துக்கு மேல் வரவேண்டும்.

டேப் வாங்கிவந்து அளந்தோம். படகின் உடம்பு 22 அடி 3 அங்குலம். முன் கம்பி மேடை 2 அடி 3 அங்குலம். பின் மேடை 3 அடி 6 அங்குலம். கூட்டினால் கச்சிதமாக 28. அந்த ஆறு அடிக்குத்தான் நான் 2,30,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். மிதக்காத ஆறு அடி. பாரம் தாங்காத கம்பியும் பலகையும்.

போன் செய்தேன். முதல் நாள், "சார் வெளியூர்ல இருக்காரு". இரண்டாம் நாள், "படகு புதுசு, பழகுனா சரியாயிடும்". நாலாம் நாள், கொட்டேஷனை முழுசாப் படித்தீர்களா என்று கேட்டார்கள். எடுத்துப் பார்த்தேன். மொத்த நீளம் 28 அடி என்று பெரிதாக, பக்கத்தில் பொடி எழுத்தில் 'ஃபிட்டிங்ஸ் உட்பட' என்று இருந்தது. அதற்கு மேல் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். விளம்பரம் வந்த இணையதளத்தில் புகார் போட்டால், வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான விஷயம் என்று ஒரு பதில், மறுநாள் புகார் முடிக்கப்பட்டது என்று இன்னொரு செய்தி.

கடையைத் தம்பி பையனிடம் விட்டுவிட்டு நேரில் போனேன். ஓமலூர்க்கார அம்மாவின் மகன் வெளியே வரவில்லை. மேஸ்திரி மட்டும் இருந்தார். ஷெட்டில் ஒரு 22 அடிப் படகு, மேடை எதுவும் மாட்டாமல் கிடந்தது. இந்தத் தடவை என் கையில் டேப் இருந்தது. 22 அடி 3 அங்குலம். அகலமும் எங்கள் படகின் அதே அகலம். "ரெண்டும் ஒரே அச்சா அண்ணே?" என்று கேட்டேன். மேஸ்திரி என் முகத்தைப் பார்க்காமல் ரெசின் டப்பாவைக் கலக்கிக்கொண்டே, "ஆபீஸ்ல கேளுங்க" என்றார். கிளம்பும்போது ஆபீஸ் பையன் ஓடிவந்து நாலு லைஃப் ஜாக்கெட் தருகிறோம், வாங்கிக்கொள்ளுங்கள் என்றான். 2,30,000 ரூபாய்க்கு நாலு லைஃப் ஜாக்கெட். வயிறு எரிந்துபோய் பஸ் ஏறினேன்.

இப்போது பதிவும் சிக்கல். மீன்வளத்துறையில் பதிவு செய்யாமல் கடல் தொழிலுக்குப் படகை இறக்க முடியாது. பில்லில் 28, படகில் 22. விண்ணப்பத்தில் எதை எழுதுவது? மச்சான் பழைய படகிலேயே போய்க்கொண்டிருக்கிறான். புதுசு மணலில் கிடக்கிறது.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதால் சேலம் நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. தொழிலுக்கு வாங்கியது, நீ நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும், சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியது என்பதற்கு ஆதாரம் எடுத்து வை என்றார் வக்கீல். அடகு ரசீதை முதலில் எடுத்து வைத்தேன்.

எந்த அளவு வாங்கலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். டேப்பை நீங்களே கொண்டுபோய், அணியத்தின் மூக்கில் இருந்து பின்பலகை வரை உடம்பை மட்டும் அளங்கள், மேடையையும் கம்பியையும் சேர்க்காதீர்கள். அந்த நீளத்தைத் தனியாக பில்லில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் முழுப் பாரத்தையும் ஏற்றித் தண்ணீரில் விட்டுப் பார்க்கும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். சின்ன அளவையும் பெரிய அளவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தச் சொல்லுங்கள், மறுத்தால் வந்துவிடுங்கள்.

யாராவது இதே மாதிரி 28 அடி இரட்டை உடல் படகு வாங்கியிருந்தால் தயவுசெய்து இன்றைக்கே அளந்து, உடம்பின் நீளம் எவ்வளவு வந்தது என்று எனக்கு எழுதுங்கள். 22 அடி 3 அங்குலம் என்று இன்னொருவருக்கும் வந்தால் மனுவில் சேர்க்கவேண்டும்.