கேட்டோ யூனிட்ராக்: பிரித்துப் பிரித்துப் போடத் தகுந்த தண்டவாளம்

முதல் மாடல் ரயில் லேஅவுட்டை ஒரே தடவையில் சரியாகப் போட்டு முடித்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வளைவு மேஜை விளிம்பைத் தாண்டி நிற்கும், ரயிலை வேறு பாதைக்குத் திருப்பும் பாயிண்ட் வேண்டாத பக்கம் திரும்பியிருக்கும், ரயிலை ஒதுக்கி நிறுத்தும் சைடிங்கில் இரண்டு பெட்டிகூட அடங்காது. அதனால் முதல் லேஅவுட்டுக்குத் தண்டவாளம் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது, இதை எத்தனை தடவை கழற்றி மாட்டலாம் என்பதுதான். அந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால், ஜப்பானின் கேட்டோ நிறுவனம் ‘என்’ (N) ஸ்கேல் என்ற சிறிய மாடல் ரயில் அளவில் தயாரிக்கும் யூனிட்ராக்குக்கே எங்கள் ஓட்டு. குறைகள் இருக்கின்றன. ஆனால் எல்லாமே முன்கூட்டித் தெரிந்தால் சமாளிக்கக்கூடியவை.

தண்டவாளங்களுக்கு இடைவெளி 9 மி.மீ. நிக்கல் சில்வர் உலோகம். அடியில் ஜல்லி மேடு போலவே வார்த்த 25 மி.மீ. அகலப் பிளாஸ்டிக் தளம். நேர்த்துண்டு 248 மி.மீ.; அதிலிருந்து 186, 124, 62 என்று இறங்கும் சிறு துண்டுகள். வளைவுகள் ஆர்249, ஆர்282, ஆர்315, ஆர்348, ஆர்381 என்று 33 மி.மீ. படிகளில் விரியும் (ஆர்-ஐ அடுத்த எண், மி.மீ.-இல் வளைவின் ஆரம்). இந்த 33 மி.மீ.தான் இரட்டைப் பாதையின் இடைவெளியும். அதனால் ஆர்282-ஐ உள்ளேயும் ஆர்315-ஐ வெளியேயும் வைத்தால் இரண்டு பாதைகள் தானாகவே இணையாக ஓடும். துண்டுகளை இணைப்பது யூனிஜாயினர் என்ற சின்னப் பிளாஸ்டிக் கவ்வி. அதற்குள்ளேதான் மின்சாரத்தைக் கடத்தும் உலோகத் தகடு இருக்கிறது.

கழற்றுவதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். கரும்பை ஒடிப்பது போல மேல்நோக்கி வளைத்துக் கழற்றினால் உள்ளே இருக்கும் தகடு விரிந்துவிடும். கவ்வி வெளியே நன்றாகத்தான் தெரியும், பூட்டும்போது சத்தமும் சரியாகவே கேட்கும். ஆனால் மின்சாரம் விட்டுவிட்டு வரும். மேஜை மேல் தட்டையாக வைத்து, இரண்டு துண்டையும் இணைப்புக்கு அருகில் பிடித்து, நேர்கோட்டில் இழுக்க வேண்டும். மாட்டிய பிறகு இணைப்பின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் ஒரு தண்டவாளம் தகட்டுக்குள் போகாமல் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் ரயில் கட்டாயம் தடம் புரளும். விரிந்த கவ்வியைக் குறடால் நெரித்துச் சரிசெய்வதைவிட மாற்றிவிடுவது மேல். தனியாகப் பாக்கெட்டில் கிடைக்கிறது. முதல் ஆர்டரிலேயே ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

பலகை அளவுக்கு வருவோம். ஆர்315 வளைவுகள் எட்டு சேர்ந்தால் ஒரு முழு வட்டம். அடித்தளத்தின் வெளி விளிம்புக்கு விளிம்பு 655 மி.மீ. வரும். இரண்டடி என்பது 610 மி.மீ. மட்டுமே என்பதால் இரண்டடி அகலப் பலகையில் இந்த வட்டம் உட்காராது. ஆரம்பகாலப் பிளைவுட் விரயத்தில் பாதி இந்தக் கணக்கைப் போடாததால் வருவதுதான். இரண்டரை அடி எடுத்தால் இருபுறமும் ஐந்து செ.மீ.க்கு மேல் விளிம்பு மிஞ்சும். நீளத்துக்கு ஐந்தடி: ஒரு பக்கத்துக்கு மூன்று 248 துண்டுகள் போட்டால் மொத்தம் 1,399 மி.மீ., பலகை 1,524 மி.மீ. விளிம்புக்கு மிக அருகே பாதை போக வேண்டியிருந்தால், அந்தப் பக்கம் இரண்டு செ.மீ. உயரத்தில் ஒரு ரீப்பர் அடித்துவிடுங்கள். கீழே சிமெண்ட் தரை, மேலே கையளவு இன்ஜின், விழுந்தால் பிழைக்காது.

இப்போது சைடிங். ஐந்தடிப் பலகையில் ரயிலை ஒதுக்கி நிறுத்த, இரண்டு முனையிலும் முதல் பாதையோடு சேரும் ஒரு லூப் வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் ஆசை. சிறிய ரகமான 4ஆம் எண் பாயிண்டில் பிரியும் வளைவும், அதைத் திரும்ப நேராக்கும் வளைவும் ஒவ்வொன்றும் சுமார் 125 மி.மீ. நீளத்தை விழுங்கும். இரண்டு முனைக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 500 மி.மீ. போய்விட்டால், ஒரு பக்கத்து மூன்று துண்டுகளின் 744 மி.மீ.-இல் மிஞ்சுவது ஒரே ஒரு 248 துண்டு. ஜப்பானின் 20 மீட்டர் பயணிகள் பெட்டி 1:150 அளவில் 133 மி.மீ. ஆக, நேர்ப்பகுதியில் ஒரு இன்ஜினும் ஒரு பெட்டியும் நிற்கலாம். ரயில் மாதிரியே இருக்காது. ஐந்தடியில் லூப்பை மறந்துவிட்டு, ஒரே பாயிண்டில் முட்டுச் சைடிங் ஒன்று போடுவதே உத்தமம். லூப் கட்டாயம் வேண்டுமென்றால் ஆறடிக்கு மூன்றடி எடுங்கள். ஒரு பக்கத்துக்கு நான்கு 248 துண்டுகள் கிடைக்கும், சைடிங்கில் மூன்று பெட்டிக்கு இடம் வரும்.

யூனிட்ராக்கின் பலவீனமும் பலமும் ஒருசேரத் தெரிவது பாயிண்டில்தான். 4ஆம் எண்ணின் நீளம் 126 மி.மீ., பிரியும் வளைவு ஆர்481. 6ஆம் எண் 186 மி.மீ., ஆர்718. இரண்டுமே 15 பாகையில் பிரிகின்றன. 126 என்ற ஒட்டாத அளவைப் பார்த்து மிரள வேண்டாம். கூடவே வரும் 60 மி.மீ. துண்டைச் சேர்த்தால் 186 ஆகிவிடும். அந்தத் துண்டின் ஓரம் பக்கத்துப் பாதைக்கு இடம்விட்டு வெட்டப்பட்டிருக்கும். அதைத் தொலைத்துவிட்டு 62-ஐ வைத்து ஒப்பேற்றினால் 2 மி.மீ. பிசகும், அந்தப் பிசகு நான்கு துண்டு தள்ளி வேறோர் இணைப்பில் கோணலாகத் தலைகாட்டும். அளவு பொருந்தாத இடத்தில் வலுவாக இழுத்துப் பூட்டாதீர்கள். 78-இலிருந்து 108 மி.மீ. வரை நீளும் விரிவுத் துண்டு ஒன்று இதற்காகவே இருக்கிறது.

4ஆம் எண்ணில் சில இன்ஜின்களின் முன்சக்கரம், பாயிண்டின் நாக்குத் தண்டவாளம் பக்கத் தண்டவாளத்தில் ஒட்டும் நுனியில் இடித்துத் தடம் புரளும். நாக்கின் நுனி சற்றுத் தடிமனாக இருப்பதால் சக்கர விளிம்பு அதில் ஏறிவிடுகிறது. அரத்தை எடுப்பதற்கு முன்னால் மூன்றைப் பாருங்கள். பாயிண்டுக்கு அடியில் பலகை மட்டமாக இருக்கிறதா என்று ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். நாக்குக்கும் பக்கத் தண்டவாளத்துக்கும் நடுவே தூசியோ ஜல்லித் துகளோ இருந்தால் பல்குத்தும் குச்சியால் எடுத்துவிடுங்கள். எப்போதும் ஒரே இன்ஜின்தான் இறங்குகிறதென்றால் குற்றம் அதன் சக்கர இடைவெளியில் இருக்கலாம். அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் அளவுத் தகட்டில் வைத்தால் தெரிந்துவிடும். மூன்றும் சரியாக இருந்தும் இடித்தால், நாக்கைத் திறந்த நிலைக்குத் தள்ளி, பக்கத் தண்டவாளத்தோடு ஒட்டும் பக்கத்தில், நுனியிலிருந்து நான்கைந்து மி.மீ. தூரத்துக்கு மட்டும் மெல்லிய ஊசி அரத்தால் ஏழெட்டு இழுப்பு இழுங்கள். நுனியின் மேல் மூலையைச் சற்றே சாய்த்துவிடுங்கள். ஒவ்வொரு இரண்டு இழுப்புக்கும் ஒரு பெட்டியைத் தள்ளிச் சோதியுங்கள். அதிகம் அராவினால் பழையபடி ஆக்க முடியாது. முடிந்ததும் உலோகத் தூளை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுங்கள். உள்ளே பாயிண்டைத் திருப்பும் காந்தச் சுருள் இருக்கிறது.

6ஆம் எண்ணில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, ரயிலும் அழகாக வளைந்து போகும். இடம் இருந்தால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள். ஆனால் இரண்டு 6ஆம் எண்ணை எதிரெதிரே வைத்துத் தடம் மாறும் இணைப்பு போட்டால் பாதை இடைவெளி 49.5 மி.மீ. ஆகும், 33 அல்ல. வளைவில் இணையாக வந்த இரட்டைப் பாதை அங்கே பொருந்தாது. இதைக் காகிதத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

மின்சாரத்தில் புதியவரைத் திணறடிப்பதும் பாயிண்ட்தான். 6ஆம் எண், தான் திரும்பியிருக்கும் பாதைக்கு மட்டுமே மின்சாரம் விடும். ஒரே கன்ட்ரோலரில் ஒரு ரயிலைச் சைடிங்கில் நிறுத்திவிட்டு இன்னொன்றை ஓட்ட இது அருமையான வசதி. 4ஆம் எண்ணில் அடிப்பக்கம் உள்ள திருகுகளை இடம் மாற்றி எந்த முறை வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். கன்ட்ரோலரிலிருந்து தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் ஃபீடர் வயரை எப்போதும் பாயிண்டின் நாக்குப் பக்கத்தில் கொடுங்கள். பாதை பிரிந்துபோன பக்கத்தில் கொடுத்தால், பாயிண்டைத் திருப்பிய மறுகணம் ஷார்ட் ஆகி கன்ட்ரோலர் கைவிடும். அங்கேதான் கொடுத்தாக வேண்டுமென்றால், பாயிண்டுக்கு அப்பால் உள்பக்கத் தண்டவாளங்களில் மின்கடத்தா ஜாயினர் போட வேண்டும். போன ரயில் திரும்பி அதே பாதையில் எதிர்த்திசையில் வருகிற மாதிரியான வளையத்தையும் முதல் லேஅவுட்டில் போட வேண்டாம். இடது தண்டவாளம் சுற்றிவந்து வலதில் முட்டும், அதுவும் ஷார்ட்தான்.

ஓவலின் எதிர்ப்பக்கத்தில் ரயில் சோர்ந்து, ஃபீடர் பக்கம் வந்ததும் வேகமெடுத்தால், கோளாறு மோட்டாரில் இல்லை. இணைப்புகளில் மின்னழுத்தம் சொட்டுச் சொட்டாக இழக்கப்படுகிறது. இரண்டு மீட்டருக்கு ஒரு ஃபீடர் வீதம் கொடுத்து, வயர் நிறங்களை மாற்றாமல் இணைத்தால் தீர்ந்தது. பாயிண்ட் மோட்டார் வேறு விஷயம். அதற்கு ஒரு நொடித் துடிப்பு மட்டுமே போக வேண்டும். கேட்டோவின் சுவிட்சைத் தவிர்த்து, கடையில் கிடைக்கும் சாதாரண டாகிள் சுவிட்சைப் போட்டு மின்சாரம் தொடர்ந்து போகவிட்டால் சுருள் கருகிவிடும். அழுத்தினால் மட்டும் இணையும் வகையே வேண்டும்.

ஜப்பானிலிருந்து நேராக வரவழைப்பவர்கள் கன்ட்ரோலரின் மின்சார அடாப்டரில் அச்சடித்திருப்பதைப் படிக்காமல் செருகக் கூடாது. 100 வோல்ட் என்று மட்டும் இருந்தால், நம் 230 வோல்ட் பிளக்கில் அது ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும்.

அடிப்பலகைக்கு 12 மி.மீ. பிளைவுட்டும், கீழே ஒன்றரை அடிக்கு ஒரு குறுக்குச் சட்டமும் போதும். நீர்தாங்கும் ரகமாகப் பாருங்கள். கடலோர ஊர்களின் மழைக்கால ஈரத்தில் மலிவான எம்டிஎஃப் உப்பி, பாதை அலை அலையாகிவிடும். ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே பாதை. மலைக்குத் தெர்மாகோல் பயன்படுத்தினால், அறுக்கும்போது உதிரும் மணிகள் நிலைமின்சாரத்தால் தண்டவாளத்தில் ஒட்டி இன்ஜின் பற்சக்கரத்துக்குள் போய்விடும். பாதையைப் பூட்டுவதற்கு முன்பே அறுத்து முடித்து, வாக்குவம் வைத்து உறிஞ்சிவிடுங்கள். ஒட்டுவதற்கு வெள்ளை ஃபெவிகால். லெதருக்கும் ஃபார்மிக்காவுக்கும் ஒட்டும் மஞ்சள் ரப்பர் பசை தெர்மாகோலைக் கரைத்துக் குழியாக்கும்; ஸ்பிரே பெயிண்டும் அப்படித்தான்.

ஏற்றம் வைக்கும் ஆசையையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு பாதை இன்னொன்றுக்கு மேல் போக 50 மி.மீ. உயர வேண்டும். இரண்டு சதவீதச் சாய்வில் ஏறவே 2.5 மீட்டர், இறங்க இன்னொரு 2.5. ஐந்தடிப் பலகை ஓவலின் மொத்தச் சுற்றளவே சுமார் 3.47 மீட்டர்தான். நான்கு சதவீதம் ஆக்கினால் நீளத்தில் அடங்கும், ஆனால் வளைவும் ஏற்றமும் சேர்ந்து இன்ஜின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். முதல் லேஅவுட் தட்டையாகவே இருக்கட்டும்.

நம் ஊர் ரயிலை இதில் ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: பெரம்பூர் ஐசிஎஃப் பெட்டியின் உடல் 21.3 மீட்டர், ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலும் வழங்கும் 1:160 அளவில் அதுவும் 133 மி.மீ. வருவதால் வளைவுகளில் தாராளமாகப் போகும். ஆனால் நம் அகலப்பாதையின் 1,676 மி.மீ. அந்த அளவில் பத்தரை மி.மீ. ஆகும், இங்கே இருப்பது 9. ஜப்பானியர்களுக்கும் இந்தப் பிரச்சினை தலைகீழாக உண்டு: அவர்களுடைய 1,067 மி.மீ. பாதை 1:150-இல் ஏழு மி.மீ. சொச்சம்தான். அவர்கள் அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டுகிறார்கள், நாமும் ஓட்டலாம்.

மலிவு வேண்டுமென்றால் பீகோ நிறுவனத்தின் வளையும் தண்டவாளம் இருக்கிறது. மூன்றடித் துண்டுகளாக வரும், விரும்பிய வளைவில் வளைக்கலாம், பார்வைக்கும் இயல்பாக இருக்கும். ஆனால் கார்க் விரிக்க வேண்டும், அளந்து வெட்ட வேண்டும், சாலிடர் வைக்க வேண்டும், வெட்டியதை நீட்ட முடியாது. இரண்டாவது லேஅவுட்டுக்கு அதைத் தாராளமாகச் சிபாரிசு செய்வோம். இன்னொரு ஜப்பானியத் தயாரிப்பான டோமிக்ஸ் தண்டவாளமும் யூனிட்ராக் போலக் கழற்றி மாட்டத்தக்கதே. அதன் பாதை இடைவெளி 37 மி.மீ. என்பதால் இரண்டையும் கலக்காமல் ஏதாவது ஒன்றில் நிற்பது நல்லது.

துடைப்பதற்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பனியன் துணியும் போதும். உப்புத்தாள் போடவே கூடாது. அது கிழிக்கும் மெல்லிய கோடுகளில்தான் அடுத்த வாரத்து அழுக்கு தங்கும்.

வாங்கும் வரிசை இதுதான்: எம்1 ஓவல் தொகுப்பு, கூடுதலாக நான்கு 248 துண்டுகள், ஒரு ஃபீடர் துண்டு, ஒரு பாக்கெட் யூனிஜாயினர். பாயிண்டை இவற்றோடு சேர்த்து வாங்க வேண்டாம். ஓவலைப் பசையில்லாமல் பலகையில் போட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே நீளமான பெட்டியைப் பின்புறமாகத் தள்ளியும் பாருங்கள். சைடிங் எந்தப் பக்கம், இடதா வலதா, 4ஆம் எண்ணா 6ஆம் எண்ணா என்பதெல்லாம் அதற்குள் மேஜையிலேயே முடிவாகிவிடும். அதன் பிறகு பாயிண்டுக்கு ஆர்டர் கொடுங்கள்.